கிரகணமும் இரண்டு சாயங்களும்

என் அக்காவின் மாமியாருக்கு வைத்தியம் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பேத்திக்கு நாலு வயதாகியும் ஏன் பேச்சு வரவில்லை என்று டிக்கோயா ஆஸ்பத்திரி தலையைச் சொறிந்துகொண்டிருக்க, இவர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அக்கா சூரிய கிரகணத்தில் வெளியே போனாளாம். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்தில், அவர்கள் குடியிருக்கும் லயத்துக் குழாயடியில் தண்ணீர் பிடிக்க வரும் எவரிடமாவது அதைச் சொல்லாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. அக்கா வாயே திறக்கமாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அது இரண்டாயிரத்துச் சொச்சம். நான் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தேன். குரோமோசோமில் ஏதாவது துண்டு குறைகிறதா, கூடுகிறதா என்று பார்க்கிற இடம். பிள்ளையையும் சோதித்துப் பார்க்க அங்கிருந்த டாக்டரைக் கெஞ்சிச் சம்மதம் வாங்கிக்கொண்டு, ரத்தம் எடுக்க ஊருக்குப் போனால், மாமியார் வாசலிலேயே மறித்தார்.

"ரத்தத்துல என்னாத்த பாப்பீங்க?"

"கோயில்ல சிவப்புப் பூவும் வெள்ளப் பூவும் பொட்டலங்கட்டிப் போட்டு, எது வருதுன்னு பாப்பீங்கல்ல மாமி, அது மாதிரிதான். பாப்பாவோட மரபணுவுக்குச் சிவப்புச் சாயம் ஏத்துவோம். நல்லா இருக்கிற ஒரு ஆளோடதுக்குப் பச்ச. ரெண்டையும் கலந்து கண்ணாடித் தகட்டுல ஊத்துவோம். சரிசமமா இருந்தா மஞ்சளாத் தெரியும். பாப்பாகிட்ட எந்தத் துண்டு இல்லையோ, அந்த எடம் பச்சையா நிக்கும்."

"பூக் கேட்டா மறுபேச்சு கூடாது" என்றார், வழியை விட்டபடி. அவரே வந்து மாட்டிக்கொண்டார் என்று எனக்கு ஏகக் குஷி.

அந்தச் சாயங்கள் இருக்கின்றனவே, சரியான சீமாட்டிகள். வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும். விளக்கைத் தணித்து, குழாய்களை வெள்ளித்தாளில் சுற்றி வேலை பார்த்தேன். அன்று காலை நெற்றியில் விபூதியும் பூசியிருந்தேன், விஞ்ஞானம் கோபித்துக்கொள்ளவில்லை. குழாயில் வெறும் எண்தான். ஆனாலும் அது யாருடையது என்று எனக்குத் தெரியும்.

ஓர் இடத்தில் பச்சை விழுந்தது. பிறகு அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் அதையே செய்தோம். இருவருக்கும் அந்த இடம் மஞ்சள். பிள்ளை உருவாகும்போது துண்டு தானாக விட்டுப்போயிருக்கிறது, இதில் யார் தப்பும் இல்லை என்றார் டாக்டர். ஹட்டனில் பஸ் மாறி, நோர்வூட் தாண்டும்வரை அதை மனப்பாடம் செய்துகொண்டே வந்தேன்.

எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மாமியார் தேத்தண்ணியை ஊதியபடி கேட்டார்.

"ஆயிகிட்டயும் கொறையில்ல, அப்பன்கிட்டயும் கொறையில்ல. அப்புறம் துண்டு எங்க போச்சு? நாஞ் சொன்ன கிரகணந்தான். உங்க கண்ணாடியே சொல்லிருச்சு பாரு."

படித்த படிப்பெல்லாம் அந்த அம்மாளின் மடியில் போய் விழுந்துவிட்டது. அழுகை வந்தது.

அடுப்படியில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"கிரகணத்தன்னைக்கு நான் காம்பராவுக்குள்ள படுத்துத்தான் கெடந்தேன் மாமி. வெறகு பொறுக்கிட்டு வான்னு எழுப்பி அனுப்புனது நீங்கதானே."

மாமியார் கோப்பையைக் கீழே வைத்தார். அதன் பிறகு குழாயடியில் தண்ணீர் மட்டும்தான் பிடித்தார்.