பத்துப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது

சென்ற ஆண்டு ஆடி மாதம், கம்பத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் நடந்தது இது. அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று புரியவைக்க, நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஆசிரியை ஒரு குறைதீர்க்கும் நாள் நடத்தினார். தாசில்தார், வி.ஏ.ஓ., சிவப்பு ரிப்பனை டவாலியாக மாட்டிய சேவகர் எல்லாம் பிள்ளைகளே. கலெக்டராக உட்காரும் பிள்ளை மட்டும் சிரித்துச் சிரித்துக் கெடுத்ததால், கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற என்னைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு எதிலும் நிம்மதி கிடையாது. தலைக்கு மேல் ஆடிய மின்விசிறி எத்தனை திருகில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே மனுக்களைக் கேட்டேன். ஊஞ்சல் வேண்டும், குழாய் ஒழுகுகிறது, தெருநாய் துரத்துகிறது. எல்லாவற்றுக்கும் தாசில்தாருக்கு உத்தரவு போட்டேன். ஏழாவதாக ஒரு சிறுமி வந்தாள்.

"கலெக்டரய்யா, ஏலக்காத் தோட்டத்துக்குப் போற ஜீப்புல பத்தொம்பது பேரை ஏத்துறாக. எங்கம்மா பின்னாடி தொங்கிக்கிட்டே மலை ஏறுது. எனக்குப் பயமா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. உட்கார இடம் எத்தனை பேருக்கு என்று கேட்டேன். பத்து என்றாள். "பத்துப் பேருக்கு மேல் ஏற்றக் கூடாது" என்றேன். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மறுநாள் விடியற்காலை டீக்கடையில் நின்றிருந்தேன். எதிரே தோட்டத்து ஜீப்பில் பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். பத்தாவது ஆள் ஏறியதும் அந்தச் சிறுமி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"பத்து ஆயிருச்சு. கலெக்டர் ஆர்டர்."

"எந்தக் கலெக்டரு ஆத்தா?" என்றார் ஓட்டுநர். அவள் என்னைக் கைகாட்டினாள். கடையே சிரித்தது.

"வாங்க கலெக்டரய்யா! டீசலுக்கு ஒங்க கஜானாவுல இருந்து குடுப்பீகளா?" என்றவர், இன்னும் ஏறாமல் நின்ற சிறுமியின் அம்மாவிடம் திரும்பி, "ஒனக்குச் சட்டம் பேசுற பிள்ளை இருக்குல்ல, இன்னையிலருந்து வேற வண்டி பாத்துக்க" என்றார்.

அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. அந்த வண்டி இல்லையென்றால் வேலை இல்லை. மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் நகராமல் என்னைப் பார்த்தாள்.

"நேத்து நீங்கதான சொன்னீக?"

அது வெறும் நடிப்பு என்று சொல்லிவிடலாம் என்றுதான் வாயில் வந்தது. டீ கிளாஸை வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் நின்றேன். "ஆமா தம்பி, நான்தான் சொன்னேன். இந்தப் பிள்ளை பயப்படுது" என்றேன்.

அப்போது முன்சீட்டில் இருந்த பெண் கூடையோடு கீழே இறங்கினார். "அவ வராட்டி நானும் வரலை. போன மாசம் வளைவுல நானும்தான் தொங்குனேன்" என்றார். அவருக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கினார்கள். வண்டி காலியாக நின்றது. ஆள் எங்கே என்று தோட்டத்திலிருந்து இரண்டு முறை போன் வந்தது. ஓட்டுநர் என்னை முறைத்தபடியே தன் மச்சானைக் கூப்பிட்டார். கால் மணி நேரத்தில் இன்னொரு ஜீப் வந்தது. அந்த அம்மா உட்கார்ந்து போனார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு மாதம் இரண்டு வண்டி ஓடியது. பிறகு மறுபடி ஒன்றாகி, இப்போது நடைக்குப் பதின்மூன்று பேர் போகிறார்கள். தொங்கிக்கொண்டு யாரும் போவதில்லை. பதினான்காவது ஆள் வந்தால் ஓட்டுநர் முதலில் டீக்கடைப் பக்கம் ஒரு பார்வை பார்க்கிறார்.

மூட்டு வலியில் எழுந்திருக்கவே மனம் வராத காலைகளிலும், நான் சொன்னதை நம்பி வண்டிக்கு முன்னால் போய் நின்ற அந்தப் பிள்ளையை நினைத்து, அந்தக் கடைக்கு நடந்து போய்விடுகிறேன்.