முந்தானைக்குக் கை இல்லாத நேரம்

போன வாரம் மகள் என்னை ஓர் ஓவியக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் வாசனை. நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். இது என்ன கோயிலா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கோயில் என்று யார் சொன்னது? எதிர்ச் சுவரில் ஒரு பெரியவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தார். கால் தானாக வேலை பார்த்துவிட்டது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நெய்வேலியில் ஷிப்ட்காரர் வீட்டில் வளர்ந்த யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்கு மைன்ஸில் வேலை. நைட் ஷிப்ட் வாரத்தில் பகல் முழுக்கத் தூங்குவார், நாங்கள் பூனை நடை நடப்போம். குக்கர் விசிலடிக்கப் போகிற நேரம் பார்த்து அம்மா வெயிட்டைக் கரண்டியால் லேசாகத் தூக்கி ஆவியை விட்டுவிடுவாள். ரேடியோவைக் காதோடு ஒட்டிக்கொண்டுதான் கேட்போம். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து பலாச்சுளை கொண்டுவரும் பெண்மணி கேட்டருகே நின்று, கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்துக் காட்டுவார். தூங்குகிறாரா என்று அர்த்தம். அம்மா தலையாட்டிவிட்டால் அப்புறம் பேரமெல்லாம் விரலில்தான். விரலாலேயே சண்டை போட்டு விரலாலேயே சமாதானம் ஆவார்கள். டிக்கெட் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம், அப்படி இருக்கும்.

அப்பா விழித்திருக்கிற நேரத்திலும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. சிரிப்பு வந்தால் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். தோள் மட்டும் குலுங்கும். எதிர்வீட்டுக் கோகிலாவின் அம்மா நேர்மாறு. அவர் வீட்டுக்காரருக்கு ஜெனரல் ஷிப்ட், பகலில் வீட்டில் தூங்க ஆளில்லை. அவர் சிரித்தால் அடுத்த பிளாக் நாய் குரைக்கும்.

"உங்கம்மாவுக்கு சிரிக்கவே தெரியாதுடி. சும்மா குலுங்கிகினு இருக்காங்க" என்றாள் கோகிலா ஒருநாள்.

எனக்கு வந்ததே கோபம். எங்கம்மா பிறந்த ஊரான திருநெல்வேலியில் சிரித்தால் ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும் என்று அளந்துவிட்டேன். அப்படியானால் இங்கே ஒருதடவை சிரிக்கவை பார்ப்போம் என்றாள். அன்றிலிருந்து எனக்கு அதுதான் பிழைப்பு. கணக்கு டீச்சர் மாதிரி நடந்து காட்டினேன், அப்பாவின் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு ஆடினேன். எதற்கும் முந்தானைதான். போகப் போக எனக்கே பயம் வந்துவிட்டது. அம்மாவின் சிரிப்புச் சத்தத்தை நானும் கேட்டதில்லையே. நிஜமாகவே தெரியாதோ?

முழுப்பரீட்சை லீவில் அப்பாவின் ஷிப்ட் ஆட்களும் பிளாக்கில் வருகிறேன் என்றவர்களும் சேர்ந்து பஸ் பிடித்து மெட்ராஸ் போனோம். கோகிலா வீடும்தான். பண்ருட்டி தாண்டுவதற்குள் புளியோதரை பாதி காலி. பீச் பார்த்து, மிருகங்களைப் பார்த்து, வெயில் தாங்காமல் ஒரு ஓவியக் கூடத்துக்குள் சந்தைக்கடை இரைச்சலோடு நுழைந்தோம்.

ஒரு திருப்பத்தில் ஒரு படம். ஆளுயரம். பிரம்பு நாற்காலியில் ஒரு கனவான், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி, லேசாகத் திறந்த வாய், விரலிலிருந்து நழுவப் பார்க்கிற பேப்பர். வரைந்த மகராசன் கழுத்து மடிப்பின் வியர்வையைக்கூட விடவில்லை. மூக்கடியில் கை வைத்துப் பார்க்கத் தோன்றும்.

முன்னால் போன அம்மா சட்டென்று நின்று, வாயில் விரல் வைத்துத் திரும்பினாள்.

"மெதுவாட்டி. மனுசன் இப்பதான் கண்ணசந்திருக்காரு."

கூட்டம் மொத்தமும் கப்சிப். எல்லாம் ஷிப்ட் குடும்பம் இல்லையா, செருப்புகள் கைக்கு வந்துவிட்டன. கோகிலாவின் அம்மாகூட, நைட்டா என்று சைகையில் கேட்டார். அம்மா தலையாட்டினாள். சுவரோரமாக, நுனிக்காலில், வரிசையாக அந்தப் படத்தைக் கடக்க ஆரம்பித்தோம்.

அப்போது பின்னாலிருந்து அப்பாவின் குரல். அதுவும் கிசுகிசுப்புதான்.

"நான் இங்கனலா நிக்கேன். அவரு யாரு?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். ஒரு கையில் செருப்பு, மறுகையில் டிபன் கேரியர். முந்தானைக்குக் கை இல்லை. அவ்வளவுதான், பீறிட்டு வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, இத்தனை வருஷம் தூக்கிவிட்ட விசிலெல்லாம் சேர்ந்து அடித்த மாதிரி! உயரமான கூரை அதை வாங்கி எங்களுக்கே திருப்பிக் கொடுத்தது. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள், கண்ணில் தண்ணீர். அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். காவலாளி ஓடிவந்து சத்தம் போடாதீங்கம்மா என்று அதட்டினார். யாரை? எங்கம்மாவை! எனக்குத் தலைகால் புரியவில்லை. கோகிலாவைத் தேடினேன்.

"எங்கம்மாவையே மிஞ்சிட்டாங்கடி" என்றாள்.

இதை மகளிடம் சொல்லிச் சிரித்ததில் போன வாரம் எங்களையும் ஒருவர் வந்து அதட்டிவிட்டுப் போனார். அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

அப்பா ரிட்டயராகி, குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். அதற்கப்புறமும் அவர் பகலில்தான் தூங்கினார், அம்மாவும் வெயிட்டைத் தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது இரண்டு பேரும் இல்லை. என் வீட்டுக் குக்கர் இரையத் தொடங்கினால் இன்றைக்கும் கரண்டியோடு ஓடுகிறேன். பாதி வழியில் நின்று, அது விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்துவிடுவாரே என்று பயப்பட வீட்டில் யாரும் தூங்கவில்லை.