கை தோளுக்கு மேலே போகக் கூடாது

என் மகள் படித்த பள்ளிக்கூடத்தின் தீர்மானப் புத்தகத்தில், நீல மையில், "ஆட்டத்தின்போது எவரும் கைகளைத் தோளுக்கு மேலே உயர்த்தக் கூடாது" என்று ஒரு வரி இருக்கிறது. எழுதியவன் நான்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதைத் தவிர, அந்த வரியை எழுத எனக்கு ஒரு தகுதியும் கிடையாது. உத்தமபாளையம் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவன் நான். பள்ளிக்குச் சீருடைத் துணி கொடுக்கிறவன் என்பதால் உடைக் கமிட்டியில் போட்டார்கள். கமிட்டியில் என்னோடு இரண்டு பேர். ஒருவர் பள்ளித் தாளாளர், இன்னொருவர் ஓய்வுபெற்ற தாசில்தார்.

கமிட்டிக்குக் காரணம் சியர் லீடிங். ஊரில் யாரும் அதை அப்படிச் சொல்லவில்லை, குஞ்சம் ஆட்டம் என்றார்கள். பிள்ளைகள் இரண்டு கையிலும் பளபளவென்று குஞ்சம் பிடித்து ஆடுவார்கள், ஒருத்தர் தொடையில் ஒருத்தர் ஏறிக் கோபுரமாக நிற்பார்கள். பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. டீச்சர், பெரியகுளத்துப் பெண், கல்லூரியில் ஆடிப் பழகியவள், இதைக் கொண்டுவந்தாள். தேனியில் பள்ளிகளுக்கிடையே போட்டி என்றாள். எந்த டீமை உற்சாகப்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டேன். டீமெல்லாம் கிடையாது சார், உற்சாகப்படுத்துவதில்தான் போட்டி என்றாள். கல்யாணமே இல்லாமல் மேளம் மட்டும் வைக்கிற கதையாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகள்தான் கோபுரத்தின் உச்சி. ஆள் ஒல்லி, பயம் என்பது துளியும் கிடையாது. வீட்டில் பீரோ மேல் ஏறி நின்று பழகினாள். அதுவரை எதிலும் முதலாளாக நிற்காத பிள்ளை. படிப்பில் நடுவாந்தரம், பாட்டில் கடைசி. "எல்லாருக்கும் மேல நாந்தான்ப்பா நிக்கணும்" என்று அவள் சொன்னபோது எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் செய்ததைப் பார்த்து இந்த ஆளுக்குப் பிள்ளை மேல் பாசமே கிடையாதோ என்று யாரும் நினைக்கக் கூடாது.

போட்டி நடத்தியவர்கள் ஒரு தாள் அனுப்பியிருந்தார்கள். அதில், "கைகளைப் பக்கவாட்டில் வைத்து நேராக நிற்கும்போது இடுப்பு தெரியாதவாறு உடை இருக்க வேண்டும்" என்று ஒரு விதி. டீச்சர் ஒரு மாதிரி உடை தைத்து வாங்கினாள். சிவப்புச் சட்டை, நெஞ்சில் மஞ்சள் நட்சத்திரம், முழங்கால் வரை பாவாடை. கமிட்டி அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். யார் பார்ப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து மூன்று ஆம்பளைகள் உற்றுப் பார்ப்பதா என்றார் தாளாளர். நியாயமான பேச்சு. டீச்சரையே பார்த்துச் சொல்லச் சொல்லலாமே என்றேன். அவள்தானே தைத்தது, அவளே எப்படி ஒப்புதல் தர முடியும் என்றார் தாசில்தார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இப்படி நியாயத்தின் மேல் நியாயமாக அடுக்கி, கடைசியில் என் கடைப் பொம்மைக்கு மாட்டிப் பார்ப்பது என்று முடிவானது.

சேலை கட்டி வாசலில் நிறுத்தும் ஆளுயரப் பொம்மை அது. சேலையை உருவிவிட்டு வெறும் பொம்மையை ஆட்டோவில் ஏற்ற முடியுமா? அது கண்ணியக் கமிட்டிக்குப் போகிற பொம்மை. தலை முதல் முழங்கால் வரை வெள்ளைப் போர்வை சுற்றினேன். சீட்டில் குறுக்கே படுக்க வைத்ததில் இரண்டு பாதமும் வெளியே நீட்டிக்கொண்டது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரியவர் ஆட்டோவைப் பார்த்ததும் தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். டீக்கடையில் ஒருவர், "யாருப்பா அது, நம்ம பக்கத்து ஆளா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்கு என்று சொன்னேன். அவர் முகம் இன்னும் வெளிறிப் போனது.

தாசில்தார் இன்ச் டேப்போடு வந்திருந்தார். வாழ்க்கை முழுவதும் நிலம் அளந்தவர். வடக்கே இடுப்பு, தெற்கே முழங்கால் என்று எல்லை போட்டுத்தான் பாவாடையையே அளந்தார். சட்டை பாவாடைக்குள் ஓர் அங்குலம் இறங்கி நின்றது. நேராக நின்றது, அசையவில்லை, இடுப்பு தெரியவில்லை. ஒப்புதல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

அந்தப் பொம்மைக்குக் கை கிடையாது. இரண்டு கையும் கழன்று விழுந்து நாலைந்து வருஷமாகியிருந்தது, முந்தானையைப் போட்டு மறைத்துத்தான் வைத்திருந்தேன். மூன்று பேர் அரை மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தோம். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

முதல் ஒத்திகையிலேயே பிள்ளைகள் கையைத் தூக்கினார்கள், சட்டை நாலு விரல் மேலே ஏறியது. மாடியிலிருந்து பார்த்த தாளாளர் அன்று மதியமே எங்களைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டாவது கூட்டத்தில் உள்ளே ஒரு நீளமான பனியன், காலுக்கு லெக்கின்ஸ், மேலே இரண்டு தோளிலும் பின் குத்திய ஷால் என்று தீர்மானமானது. பிள்ளைகளில் இரண்டு பேர் தலையில் துணி கட்டி ஆடுகிறவர்கள். அவர்கள் வீட்டில் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கட்டின துணி அவிழாமல் இருக்க வேண்டும். அந்த மொத்த விவகாரத்திலும் அறிவோடு பேசியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

லெக்கின்ஸ் என் கடைச் சரக்கு. விற்காமல் கிடந்த பளபளப்பான சரக்கு என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கீழே நிற்பவள் தொடையில் கால் வைத்துத்தான் மேலே நிற்பவள் ஏற வேண்டும். அதில் எண்ணெய் பூசினதுபோல் கால் வழுக்கியது. என் மகள் உச்சியில் கையைத் தூக்கிய நொடியில் சறுக்கிக் கீழே இருந்தவள் தலைமேல் வந்து விழுந்தாள். தலை தப்பித்தது, என் மகளின் முன்பல்லில் அரிசிக் குருணை அளவு உடைந்து போனது. அடைத்துவிடலாம் என்றார் பல் டாக்டர். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

மூன்றாவது கூட்டத்தில் லெக்கின்ஸ்தான் காரணம் என்று சொல்ல வாயெடுத்தேன். தாசில்தார் முந்திக்கொண்டார். "பிள்ள எப்ப விழுந்துச்சு? கையத் தூக்கும்போது. சட்ட எப்ப ஏறுது? கையத் தூக்கும்போது. ரெண்டுக்கும் மூலம் ஒண்ணுதான்." தாளாளர் அவரை வியந்து பார்த்தார். கையைத் தூக்காமல் விட்டால் கண்ணியமும் ஆச்சு, பாதுகாப்பும் ஆச்சு. புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார்கள். என் சரக்கைப் பற்றி நானே பேச வேண்டியதில்லை என்ற நிம்மதியில் அந்த வரியை எழுதினேன். இன்றைக்கும் நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அன்று சாயங்காலம் டீச்சர் கடைக்கே வந்துவிட்டாள். "கையத் தூக்கக் கூடாதுன்னா நான் யாரையும் மேல ஏத்த மாட்டேன் சார். பேர வாபஸ் வாங்கிருவேன்" என்றாள். வீட்டுக்குப் போனால் என் மகள் வாசலிலேயே நின்றாள்.

"மேல நிக்கிறவளுக்குக் கைதாம்ப்பா பிடிமானம். கைய விரிச்சுத் தூக்குனாத்தான் ஆடாம நிக்க முடியும். அது தெரியாம எழுதுனீகளா, தெரிஞ்சே எழுதுனீகளா?"

அவள் உள்ளே போய்விட்டாள். "எழுத்து நல்லா குண்டு குண்டா வந்துச்சா?" என்று கேட்டுவிட்டு என் மனைவியும் பின்னாலேயே போனாள். போட்டிக்குப் பதினோரு நாள் இருந்தது. மகள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

மூன்று நாள் கழித்து, எங்கள் கடை மாடிப்படிக்குக் கீழே மிஷின் போட்டிருக்கும் டெய்லரிடம் புலம்பினேன். அவர் தையலை நிறுத்தவே இல்லை. "கக்கத்துல ஒரு பீஸ் வச்சாப் போதும்ணே" என்றார்.

"என்ன பீஸ்?"

"சாய்சதுரமா ஒரு துணி. கையத் தூக்குனா அது விரிஞ்சு குடுக்கும், சட்ட இருந்த எடத்துலயே இருக்கும். திராட்சப் பெட்டி ஏத்துற ஆளுகளுக்குப் பூரா அப்பிடித்தான் தச்சுக் குடுக்குறேன். இதுக்கா மூணு மீட்டிங் போட்டீக?"

தாளாளரிடம் ஓடினேன், தாசில்தாரும் அங்கேதான் இருந்தார். தாளாளர் நல்ல மனிதர், கேட்டுக்கொண்டார். பொம்மைக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றார். பொம்மைக்குக் கை இல்லை என்றேன். அப்படியானால் அன்றைக்கு எதைப் பார்த்து ஒப்புதல் கொடுத்தோம் என்று மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம், ஆனால் ஒருவரும் கேட்கவில்லை. வாசலில் வைக்கும் பொம்மை ஒன்றைக் கையோடு வாங்க மதுரைக்குப் போக வேண்டும். பிள்ளைகள் யாரையும் போட்டுக் காட்டச் சொல்ல முடியாது. டீச்சர் சொல்வதை எடுத்துக்கொள்ள முடியாது. நேரில் பார்க்காமல் தீர்மானத்தை மாற்றச் சட்டத்தில் இடமில்லை என்றார் தாசில்தார்.

மறுநாள் என் அளவுக்கு ஒன்று தைத்துக்கொண்டு போனேன்.

தாளாளர் அறையில் கதவைச் சாத்திவிட்டு அந்தச் சிவப்புச் சட்டையை மாட்டினேன். நாற்பத்தெட்டு வயதுத் தொப்பையின் மேல் மஞ்சள் நட்சத்திரம் அகலமாக உட்கார்ந்தது. பாவாடை இல்லாமல் எல்லை எப்படித் தெரியும் என்றார் தாசில்தார். அதையும் கொண்டுபோயிருந்தேன், வேட்டிக்கு மேலேயே கட்டினேன். கையைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். இன்னும் என்றார், தூக்கினேன். குனிந்து டேப்பை வைத்துப் பார்த்தார். "ஏறலயே" என்றார், நம்ப முடியாதவராக. குஞ்சம் பிடித்தால் எப்படி இருக்கும் என்று தாளாளருக்குச் சந்தேகம் வந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. குஞ்சத்தைப் பிடித்துக்கொண்டு நாலு தடவை குதித்தும் காட்டினேன்.

நாலாவது குதியில்தான் ஜன்னல் திறந்திருப்பதைப் பார்த்தேன். வராந்தாவில் தண்ணீர் பாட்டிலோடு என் மகள் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஒன்பதாம் வகுப்பில் பாதி நின்றது. மற்ற பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டுப் போனாள்.

அதே பாவாடையோடு உட்கார்ந்து புதுத் தீர்மானத்தை எழுதினேன். லெக்கின்ஸும் ஷாலும் நீக்கம், உள்ளே பருத்திக் கால்சட்டை. "கக்கத்தில் பீஸ் வைத்துத் தைத்த சட்டை அணிந்தோர் மட்டும் கைகளை உயர்த்தலாம்" என்று தாசில்தார் சொல்லச் சொல்ல எழுதினேன். பழைய வரியை அடிக்கலாமா என்று கேட்டேன். அடித்தல் திருத்தல் கூடாது என்றார்.

வீட்டில் பேச்சு திரும்பவில்லை. முன்பு அது கோபம். இப்போது அதோடு வகுப்பில் பட்ட வெட்கமும் சேர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பிள்ளையை மேலே ஏற்றப் போய் அவளைத் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று இருந்தது.

தேனியில் போட்டி ஒரு பள்ளியின் திறந்தவெளி மேடையில் நடந்தது. எங்கள் தாளாளர் அங்கேயும் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். எங்கள் பள்ளி அப்பாக்கள் கடைசி வரிசை, அம்மாக்கள் முன்வரிசை. எங்கள் பிள்ளைகள் மேடை ஏறினதும் அம்மாக்கள் அத்தனை பேரும் எழுந்து, செல்போனைத் தலைக்கு மேலே தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். பட்டுச்சேலை கட்டிய முப்பது நாற்பது பேர், கையைத் தூக்கிக்கொண்டு, இடுப்பு தெரிய. என் பக்கத்தில் தாசில்தார் உட்கார்ந்திருந்தார். அவருடைய வீட்டம்மாவும் பேத்திக்காக அந்த வரிசையில்தான் நின்றார்கள். மறைக்கிறார்களே என்பதைத் தவிர அவர் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கும் மேடை தெரியவில்லை. பாட்டுச் சத்தம் கேட்டது, பலகையில் கால்கள் தட்டுவது கேட்டது. அப்புறம் டீச்சர் எண்ணுகிற குரல் வந்தது. இந்த இடத்தில்தான் விழுந்தாள் என்று எனக்குத் தெரியும். எழுந்து நின்று எக்கிப் பார்த்தேன். கொண்டைகளும் மல்லிகைப் பூவும் செல்போன்களும்தான் தெரிந்தன. எட்டு என்று சத்தம் வந்தது. எல்லாச் செல்போனுக்கும் மேலே, முதலில் இரண்டு குஞ்சமும், அதற்குக் கீழே இரண்டு கைகளும் எழுந்து வந்தன. நன்றாக விரிந்து, ஆடாமல் நின்றன. அவள் முகம்கூட எனக்குத் தெரியவில்லை. என்னை அறியாமலே கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஆறு பள்ளிகளில் நான்காவது இடம் கிடைத்தது.

திரும்பும்போது வேனில் என் மகள் முன் சீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து செல்போனில் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். சின்னமனூர் தாண்டியதும் எழுந்து பின்னால் வந்து, போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். யாரோ பக்கவாட்டிலிருந்து கூட்டத்தை எடுத்த படம். கடைசி வரிசையில் நான் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். சட்டை ஒரு சாண் மேலே ஏறி, வேட்டிக்கு மேலே தொப்பை முழுவதும் வெளியே கிடக்கிறது.

"ஏம்ப்பா" என்றாள், பதினோரு நாளைக்குப் பிறகு. உடைந்த பல் தெரியச் சிரித்தாள். "ஒங்க சட்டைக்குக் கக்கத்துல பீஸ் வைக்கலயா?"