பிள்ளையாரைக் கழுவிக் கொண்டுவந்த அந்தோணி அண்ணன்

கடந்த புதன்கிழமை காலை கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. அந்தோணிமுத்து அண்ணனின் மகள் ஸ்டெல்லா பேசினார்.

"அங்கிள், அப்பா போய்ட்டாங்க."

வாடிக்கையாளரை அப்படியே நிற்கவிட்டு எதிரே துணிக்கடைக்கு ஓடினேன். கடைக்காரர், அக்குறணை நளீம் நானா, செய்தியைக் கேட்டதும் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கேட்டார்:

"இனி நம்மட தெரு என்ன ஆவும் தம்பி? அவருக்குப் பயந்துதானே எல்லாரும் சொப்பிங் பேக்க நிப்பாட்டினாங்க. நாளைக்கே பழையபடி தொடங்கிருவாங்க."

எனக்கும் அதே பயம்தான்.

அண்ணனை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தெல்தெனியப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கண்டிக்கு வந்து, மழைத்தண்ணீர் ஓடும் தெருவோரக் கான்களைத் துப்புரவு செய்யும் மாநகரசபைத் தொழிலாளியாகச் சேர்ந்து, ஓவர்சியராக ஓய்வு பெற்றவர். ஆள் கட்டை, குரல் மட்டும் மலையளவு. எங்கள் சந்தைத் தெருவுக்கு மேலே ஏறும் படிக்கட்டில் மூன்றாவது வீடு அவருடையது. ஞாயிறு பூசையைத் தவறவிடமாட்டார். அடைத்துக்கொண்ட கானையும் சும்மா விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் மழை பெய்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கம்பியோடு இறங்கிவிடுவார்.

எனக்கும் அவருக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. பலசரக்கோடு பொலித்தீன் சொப்பிங் பேக்கும் மொத்தமாக விற்றவன் நான். தெருவில் பாதிக் கடைகளுக்கு என் பேக்தான். ஒருநாள் அவர் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"முதலாளி, பத்து நிமிசம் தூக்கிட்டுப் போறதுக்கு, பேரன் காலம் வரைக்கும் அழியாம கெடக்கிற சாமான் எதுக்கு?"

"சனங்களுக்குப் புத்தி சொல்லுங்க அண்ணே! கேக்குறவங்களுக்குத்தானே குடுக்குறேன்."

"புத்தி சொல்லியெல்லாம் இத நிப்பாட்ட ஏலாது. குடுத்தா வாங்குவான். இல்லாட்டி வீட்ல இருந்து பை கொண்டு வருவான். அம்புட்டுத்தான்."

"நான் குடுக்காட்டி பக்கத்துக் கடைக்குப் போவாங்களே!"

"அதனாலதான் சொல்றேன், எல்லாக் கடையும் ஒரே நாள்ல நிப்பாட்டணும்னு."

நியாயம் அவர் பக்கம் இருந்தால் என்ன, எனக்கு வாயா இல்லை? நன்றாகக் கத்தி அனுப்பினேன்.

அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு ஒரு காரியம் செய்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. பேக்கின் ஒரு பக்கம் கடைப் பெயர், மறு பக்கம் மஞ்சளும் சிவப்புமாகப் பிள்ளையார். வருடம் நல்லபடியாகப் பிறக்கட்டுமே என்று அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தேன். என்ன பெருமை எனக்கு!

இரண்டு வாரம் கழித்து மழை பிடித்தது. மறுநாள் காலை அண்ணன் கடைக்கு வந்தார். சத்தம் இல்லை, சண்டை இல்லை. கையில் ஒரு கட்டு. கழுவி, காயவைத்து, அழகாக மடித்த என் பிள்ளையார் பேக்குகள்.

"கான்ல கெடந்தாரு முதலாளி. ஒங்க சாமி. குப்பையில போட எனக்கு மனசு வரல்ல. எங்க மாதா படமா இருந்தாலும் இப்பிடித்தான் செஞ்சிருப்பேன்."

மறுநாளும் கொண்டுவந்தார். அதற்கு அடுத்த நாளும். ஒரு கத்தோலிக்கர் சேற்றிலிருந்து என் சாமியைப் பொறுக்கி, வீட்டுக் குழாயில் கழுவிக் கொண்டுவந்து தருகிறார். நான் வாங்கி வைக்கிறேன். என்ன செய்வது? எறியவும் முடியாது, எரிக்கவும் முடியாது. அலுமாரியின் மேல்தட்டு நிரம்பியது. "சாமி மூஞ்சில தீ வைக்கச் சொல்றீங்களா?" என்று மனைவி சீறினாள். கடைசியில் கோயில் குருக்களிடம் போனேன். பழைய சாமி படங்களுக்கு வழக்கமாகச் சொல்வதைத்தான் அவரும் சொன்னார்: "ஓடுற தண்ணியில விட்டுருங்கோ."

திரும்பி வந்து அதை அண்ணனிடம் சொன்னேன் பாருங்கள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"அடக் கடவுளே! ஓடுற தண்ணியில இருந்துதானேய்யா கொண்டாறேன்!"

நானும் சிரித்துவிட்டேன். சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது. சரிதானே? காகிதமாக இருந்தால் கரைந்திருப்பார். இவர் கரையவும் மாட்டார், மக்கவும் மாட்டார். எங்கே போட்டாலும் யாரோ ஒருவர் குனிந்து பொறுக்கத்தான் வேண்டும். அந்த யாரோ இத்தனை நாளும் அண்ணன்தான் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது.

அந்த வாரமே வியாபாரிகள் கூட்டத்தில் எழுந்து, "மொத்தமா நிப்பாட்டுவோம், ஒரே நாள்ல!" என்று கத்தினேன். பேக் விற்றவனே கத்தியதும் ஒவ்வொருவராகக் கை தூக்கினார்கள். முதல் ஆளாகக் கை தூக்கியவர் நளீம் நானா.

முதல் நாளை மறக்க முடியுமா! ஓர் அம்மா வெங்காயத்தைக் குடையைக் கவிழ்த்து வாங்கிப் போனார். ஒரு வாத்தியார் உருளைக்கிழங்கை ஹெல்மெட்டில் போட்டுக்கொண்டு, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு நடந்தார். ஒரு கிழமைக்குள் எல்லார் கையிலும் பை வந்துவிட்டது. அந்தப் பருவத்து மழைக்குக் கான் அடைக்கவில்லை. அண்ணன் தெரு நடுவில் நின்று, "ஓடுது! ஓடுது!" என்று கைதட்டினார். யாராவது மேசைக்கடியில் இரகசியமாகப் பேக் எடுத்தால் அது மட்டும் அவர் கண்ணுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அப்புறம் அந்தக் கடைக்காரர் வாங்கும் ஏச்சு தெருக்கோடி வரைக்கும் கேட்கும்.

அப்படிப்பட்ட மனிதரின் சாவீட்டுக்கு நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வியாழக்கிழமை மத்தியானம் தெருவிலிருந்து அவர் வீட்டுப் படிக்கட்டு வரை துக்கத்துக்கு வெள்ளைக் கொடி கட்ட முடிவு செய்தோம். நானே ஓடிப்போய்ச் சுருள் சுருளாக வாங்கிவந்தேன். மீன்கடைச் சிறி ஏணியில் ஏறிப் பாதித் தெருவுக்குக் கட்டியும்விட்டான். காற்றில் கொடிகள் சலசலவென்று அடித்துக்கொண்டன. கீழே நின்ற நளீம் நானா ஒன்றைப் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"யா அல்லா! ஒங்களுக்கு வெளங்கல்லயா? இது பொலித்தீன் தானே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தோணி அண்ணனின் சாவுக்குப் பொலித்தீன் கொடி! அதை வாங்கிவந்த மடையன் நான்!

"கழட்டுடா சிறி! கழட்டு!" என்று நான் கத்த, "வாங்கிட்டு வந்த ஒங்களத்தான் ஏசணும்!" என்று அவன் மேலேயிருந்து கத்தினான். தேங்காய்க் கடைக்காரர் அவனை ஏசினார், நளீம் நானா எங்கள் எல்லாரையும் சேர்த்து ஏசினார். ஏசிக்கொண்டே ஓடிப்போய்த் தன் கடையிலிருந்து வெள்ளைத் துணிக்கட்டு ஒன்றைத் தோளில் தூக்கிவந்து நடுத்தெருவில் பிரித்தார். சர், சர் என்று கிழித்தோம். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாக் கடையிலிருந்தும் கை வந்தது. ஒரு மணி நேரத்தில் தெரு முழுக்கத் துணிக்கொடி.

சத்தம் கேட்டு ஸ்டெல்லா படிக்கட்டில் வந்து நின்றார். அழுதழுது வீங்கிய முகம்.

"அப்பா இருந்திருந்தா, இந்நேரம் ஒங்க எல்லாரையும் ஏசித் தீர்த்திருப்பாங்க."

ஏணியிலிருந்து சிறி சொன்னான்: "அதான் நாங்களே ஏசிக்கிட்டோமே, தங்கச்சி!"

நளீம் நானா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். புதன்கிழமைப் பயம் இரண்டு பேரிடமும் இல்லை.

வெள்ளிக்கிழமை அந்தத் துணிகளுக்குக் கீழேதான் அண்ணனைத் தூக்கிப்போனோம். நிம்மதியாக ஓய்வெடுங்கள், அண்ணே. இந்தத் தெருவில் ஏசுவதற்கு ஆள் இருக்கிறது.