பெனெட்டின் வெள்ளைக் காலுறைகள்

வால்செர்ரா டென்னிஸ் கிளப்பின் மாடத்தில் பெனெட் வந்து உட்கார்ந்தால், பக்கத்து நாற்காலிக்காரர்கள் மெல்ல எழுந்து காபி வாங்கப் போய்விடுவார்கள். கெட்ட மனிதர் இல்லை. தரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார், அவ்வளவுதான். யார் ஜெயித்தார்கள், யார் தோற்றார்கள் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம். எந்தத் தரையில் ஆடினார்கள் என்றுதான் முதலில் கேட்பார். செம்மண் என்றால் முகம் மலரும். வேறு எதையாவது சொல்லிவிட்டால், சாப்பாட்டில் முடி கிடந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார்.

"சிமெண்ட் எதுக்கு இருக்கு தெரியுமா? கார் நிறுத்த. புல் எதுக்கு? மாடு மேய. அந்தப் பிளாஸ்டிக் புல் எதுக்குன்னு அதைச் செஞ்சவனுக்கே தெரியாது. டென்னிஸ் ஆடறதுக்குன்னு ஆண்டவன் குடுத்தது செம்மண் ஒண்ணுதான்."

அது ஆண்டவன் கொடுத்ததில்லை, செங்கலைப் பொடித்து லாரியில் கொண்டுவந்து கொட்டுவது என்று அவருடைய நண்பர் ஒலெகெர் ஒவ்வொரு முறையும் எடுத்துச் சொல்வார். பெனெட்டின் காதில் அது ஏறியதே இல்லை.

அவருடைய வாதத்தின் உச்சம் எப்போதும் தடத்தில்தான் வந்து நிற்கும். "செம்மண்ல பந்து விழுந்தா தடம் இருக்கும். குனிஞ்சு பாத்தா உள்ளயா வெளியயான்னு தெரிஞ்சுபோகும். யார் வாயையும் நம்ப வேண்டியதில்ல. சிமெண்ட்ல என்ன இருக்கு? எதிராளி சொன்னதுதான் சட்டம். கட்டின பொண்டாட்டியே சொன்னாலும் தடத்தைப் பாக்காம நம்பாதேன்னுதான் நான் சொல்லுவேன்."

ஊர் நடுவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் இப்படி அடுத்தவர் கண்ணை நம்பாமல் இருப்பது வியாபாரத்துக்கு நல்லதா கெட்டதா என்று கிளப்பில் ஒரு பட்டிமன்றமே நடந்ததுண்டு. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. சந்தேகமே இல்லாத பந்துக்கும் போய்க் குனிவார். மட்டையின் நுனியால் தடத்தைச் சுற்றி வட்டம் போடுவார். தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்ப்பார், பிறகு மறுபக்கம். வலைக்கு அந்தப் புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் மனைவி ரெமெய் காத்திருப்பார்.

"பாத்தாச்சா? இல்ல, அதை அங்கயே புதைச்சுட்டு வரப்போறியா?"

ரெமெய்க்குச் சந்தையில் மீன் கடை. அதிகாலையில் எழுந்து, பனிக்கட்டியை உடைத்துப் பரப்பி, நண்பகல் வரை நின்றபடியே வியாபாரம் பார்ப்பவர். நிற்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது. டென்னிஸிலும் அதுதான் அவர் பலம். எதை அடித்தாலும் திரும்பி வரும். ஓங்கி அடித்தாலும் வரும், மூலையில் அடித்தாலும் வரும். பெனெட் மூச்சு வாங்கி நிற்கும் நேரம் பார்த்து, மீனைத் தராசில் வைக்கிற மாதிரி பந்தை வலையோரம் மெல்ல வைத்துவிடுவார். பெனெட் ஓடுவார். எட்டாது.

கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டாம் கோர்ட்டில் இருவரும் ஆடுகிறார்கள். பெனெட் ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அவருடைய பிறந்த நாளில்கூட ரெமெய் ஒரு புள்ளி விட்டுக்கொடுத்ததில்லை. வால்செர்ரா கிளப்பில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: ஆட்டம் முடிந்ததும் தோற்றவர்தான் கனத்த நார்ப்பாயைக் கயிற்றில் பிடித்து இழுத்து, கோர்ட்டைக் கூட்டிச் சமன் செய்ய வேண்டும். அதனால் மூன்று மாகாணங்களில் பெனெட்டைப் போலச் செம்மண்ணைக் கூட்டத் தெரிந்தவர் யாருமில்லை. ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாக உள்ளே வருவார். ஒரு சுவடு மிஞ்சாது. அவர் கூட்டும்போது ரெமெய் மாடத்தில் வெர்மூத் ஒயின் குடித்துக்கொண்டு ஆலிவ் கொட்டைகளைத் துப்பிக்கொண்டிருப்பார்.

ஒரே ஒரு தடவை ரெமெயை ஜெயிக்க வேண்டும். பெனெட்டின் வாழ்க்கையில் வேறு பெரிய ஆசை எதுவும் கிடையாது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இடது முட்டி படியேறும்போது முனகுகிறது. இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் மிச்சம் இருக்கும் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே வந்துவிட்டது.

பார்ப்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போனதில்லை. பாரிஸில் செம்மண் போட்டி நடக்கும் நாட்களில் பெனெட் தொலைக்காட்சியை விட்டு நகர மாட்டார். ஒரே புள்ளிக்கு இருவர் முப்பது தடவை அடித்துக்கொண்டால், "இதுதான் டென்னிஸ்" என்பார். ஆட்டம் ஐந்து மணி நேரம் போகும், அதில் பாதியை அவர் குறட்டை விட்டபடி பார்ப்பார். ரெமெய்க்குப் பிடித்தது விம்பிள்டன் புல்தரை. "ரெண்டு அடியில கணக்கு முடியுது. குழம்பும் அடிபிடிக்காம இறங்குது" என்பார்.

பெனெட்டின் வீழ்ச்சி பக்கத்து ஊரான ரியூசெக்கில் நடந்தது. கிழவர் ஒருவருக்குக் கண்ணாடி கொடுக்கப் போனவர், திரும்பும் வழியில் நகராட்சியின் சிமெண்ட் கோர்ட்டைப் பார்த்தார். ஆளில்லை. மட்டை காரில் இருந்தது. எவ்வளவு மட்டமான தரை என்று நேரில் தெரிந்துகொண்டால் திட்டுவதற்கு வசதியாக இருக்குமே என்று உள்ளே போனதாகத்தான் அவர் பிறகு சொன்னார்.

ஒரு சர்வ் போட்டார். செம்மண்ணில் அவருடைய சர்வ் மேடேறும் பேருந்து மாதிரி போகும். ரெமெய் அதற்குள் தலைமுடியைக்கூடச் சரிசெய்துகொள்ளலாம். இங்கே பந்து தரையில் பட்டதும் சீறிப்போய்ப் பின்வேலியில் மோதியது. பெனெட் சுற்றுமுற்றும் பார்த்தார். இன்னொன்று போட்டார். அதுவும் சீறியது. இருட்டும் வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

அதன்பின் வியாழக்கிழமைதோறும் கடையை உதவியாளரிடம் விட்டுவிட்டு, கிளப்புக்குப் போவதாகச் சொல்லி ரியூசெக்குக்குப் போனார். கார் நிறுத்தும் இடம் என்று தானே ஏசிய தரையில், காரை ஒரு பர்லாங் தள்ளி மறைவாக நிறுத்திவிட்டு, தன்னந்தனியாக ஒரு கூடைப் பந்தையும் சர்வ் போட்டார். எண்ணம் ஒன்றுதான். இந்த சர்வை ரெமெய் தொடக்கூட முடியாது. ஆனால் ரெமெயை இங்கே கூட்டிவர வேண்டுமானால் சிமெண்ட்டில் ஆடலாம் என்று தன் வாயால் சொல்ல வேண்டுமே. அந்த வார்த்தைதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது.

அதைவிடப் பெரிய தொல்லை காலுறை. செம்மண்ணில் ஆடுகிறவரின் காலுறை எத்தனை துவைத்தாலும் சிவப்பாகத்தான் இருக்கும். ரெமெய் கல்யாணமான புதிதிலேயே, "உன் மண்ணை என் துணியோட சேக்காதே" என்று சொல்லிவிட்டதால், பெனெட் தன் காலுறையைப் பின்கட்டுத் தொட்டியில் தானே துவைத்துக் காயப் போடுவார். புதிதாக வாங்கி, சிமெண்ட்டில் மட்டும் ஆடிய காலுறை வெள்ளைவெளேரென்று கொடியில் தொங்கினால் வீட்டில் என்ன நினைப்பார்கள்? பெனெட் யோசித்தார். கிளப்பிலிருந்து ஒரு ஜாடிச் செம்மண்ணை எடுத்துவந்து காரில் ஒளித்து வைத்தார். வியாழக்கிழமை வீட்டுக்குள் நுழையுமுன், ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்து, பவுடர் பூசுவது போலக் கணுக்காலில் பூசிக்கொள்வார். இவ்வளவு மூளையை ஆட்டத்தில் செலவழித்திருந்தால் என்றோ ஜெயித்திருப்பார்.

ஒரு வியாழக்கிழமை இரவுச் சாப்பாட்டில், தக்காளி தேய்த்த ரொட்டிக்கும் நெத்திலிக்கும் நடுவில் ஈரக் காலுறை ஒன்றை ரெமெய் மேசைமேல் வைத்தார்.

"யாரு அவ?"

"எவ?"

"செம்மண்ல ஆடினா ஷூவுக்குள்ளயும் தூசி போகும். கால்விரல் எல்லாம் சிவந்துதான் இருக்கும். இதைப் பாரு. கணுக்கால் சிவப்பு, விரல் பக்கம் பால் மாதிரி வெள்ளை. ஷூ போட்டுக்கிட்டே மேல பூசியிருக்கே. என் கடையிலேர்ந்து ஐஸ் வேற வாரா வாரம் குறையுது. முட்டிக்கு வச்சுக்கறியா, இல்ல அவளுக்கு ஷாம்பெய்ன் குளிர வைக்கறியா?"

பெனெட்டின் முகத்தில் காலுறையில் இல்லாத சிவப்பெல்லாம் ஏறியது.

"அவ இல்ல, ரெமெய். அது."

"எது?"

"சிமெண்ட்."

ரெமெய் நெத்திலியைக் கீழே வைத்தார்.

"ஒரு பொம்பளைன்னாக்கூட நாலு பேர்கிட்டச் சொல்லி அழலாம். சிமெண்ட்டுன்னு யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன், மனுஷா?"

பிறகு எல்லாம் வெளியே வந்தது. கூடை, சர்வ், ஜாடி. எதற்கு என்பதையும் பெனெட் சொல்லிவிட்டார், தட்டைப் பார்த்தபடி. "ஒரு தடவை உன்னை ஜெயிக்கணும். இன்னும் ரொம்ப நாள் இந்த முட்டி தாங்காது." ரெமெய் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்று பயந்திருந்த பெனெட்டுக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

"வர்ற வியாழன் நானும் வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரெமெய் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

ரியூசெக்கில் ஒரே ஒரு செட் என்று பேச்சு. ரெமெய் பழக்கதோஷத்தில் காலைச் சறுக்கிப் போகப் பார்த்தார். சிமெண்ட் சறுக்க விடாமல் பிடித்துக்கொண்டது, விழ இருந்தார். வலையோரம் வைத்த பந்துகள் எழும்பி நின்று பெனெட்டுக்காகக் காத்திருந்தன. பெனெட்டின் சர்வ் சீறியது. ஆனாலும் ரெமெய் ரெமெய்தான், பாதிப் பந்துகள் திரும்பி வந்தபடியே இருந்தன. பெனெட் ஐந்து, ரெமெய் நான்கு. பெனெட்டின் சர்வ். ஒரு புள்ளி எடுத்தால் முடிந்தது.

பெனெட் பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தார். அது பக்கவாட்டுக் கோட்டை ஒட்டி எங்கோ பட்டுச் சீறிப் போனது. ரெமெய் அசையவில்லை. பெனெட் வலையைச் சுற்றிக்கொண்டு ஓடினார். குனிந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். சாம்பல் நிறத் தரை அவரை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ன தேடறே?"

"தடம்."

"சிமெண்ட்லயா?"

பெனெட் நிமிர்ந்தார். "உள்ளயா?"

"உள்ள."

"நிஜமா?"

"உள்ளன்னு சொன்னேன். நீ ஜெயிச்சுட்டே. கையைக் குடு."

மீன் இன்று பிடித்ததா என்று வாடிக்கையாளர் கேட்டால் ரெமெய் வைத்துக்கொள்ளும் முகம் ஒன்று உண்டு. அதிலிருந்து இதுவரை யாரும் எதையும் படித்ததில்லை. இப்போதும் அதே முகம்தான். பெனெட் கையைக் கொடுத்தார். ரெமெய் சுற்றிலும் பார்த்தார்.

"தோத்தவங்க கூட்டணும். இங்க எதைக் கூட்டறது?" என்று சொல்லி, கிடந்த ஒரு ஊசியிலையைக் காலால் ஓரம் தள்ளினார்.

திரும்பும் வழியில்தான் பெனெட்டுக்கு உறைத்தது. ஜெயித்தாகிவிட்டது, ஆனால் வெளியே சொல்ல முடியாது. சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, அந்தக் கடைசிப் பந்து உள்ளேதானா? பிறந்த நாளுக்கே விட்டுக்கொடுக்காதவள் வியாழக்கிழமைக்கா விட்டுக்கொடுப்பாள் என்று ஒரு மனது. முட்டியைப் பற்றிச் சொல்லித் தொலைத்தோமே என்று இன்னொரு மனது. அன்றிரவும் மறுநாளும் அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் கோர்ட்டில் வழக்கம்போல அவர் தோற்றார், படுமோசமாக. பாயை எடுக்கப் போனால் ஆணியில் பாய் இல்லை. ரெமெய் அதை ஏற்கனவே கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

மாடத்தில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பெனெட் மேலே ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரும் காபி வாங்கப் போகவில்லை.

"நீ ஜெயிச்சியா?" என்றார் ஒலெகெர். "நான் பாத்துக்கிட்டுதானே இருந்தேன்."

"இன்னைக்கு நான் தோத்துட்டேன்."

"அப்போ அவ ஏன் கூட்டறா?"

முட்டி வலி என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் நம்பியிருப்பார்கள். பெனெட் கோர்ட்டைப் பார்த்தார். வாழ்நாளில் பாயைத் தொட்டிராத ரெமெய் கோணல்மாணலாக இழுத்துக்கொண்டிருந்தார். ஊரே பார்க்க, தோற்றவர் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை அவ தோத்தா. அந்தக் கடன்."

"எங்க?"

"ரியூசெக்ல."

"ரியூசெக்ல ஏதுப்பா செம்மண்?" என்ற ஒலெகெரின் முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் பரவியது. "கார் நிறுத்தவா போனே?"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆலிவ் கிண்ணம் உருண்டது. பெனெட் அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அவருக்கு வரவேண்டியதுதான், வருஷக்கணக்கில் சேர்த்து வைத்தது.

"சரி, கடைசிப் பந்து?" ஒலெகெர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "தடம் பாத்தியா?"

"தடம் இல்ல."

"அப்போ உள்ளன்னு எப்படித் தெரியும்?"

"ரெமெய் சொன்னா."

ஒலெகெர் தன் வெர்மூத்தை அவர் பக்கம் நகர்த்தினார். பெனெட் குடிக்கவில்லை, எழுந்து படியிறங்கி கோர்ட்டுக்குப் போனார்.

"மேல என்ன சிரிப்பு?" என்றார் ரெமெய், பாயை இழுத்தபடியே.

"கடைசிப் பந்து உள்ளயான்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"உள்ளன்னு சொன்னேன். நீ சொன்னதாச் சொன்னேன்."

ரெமெய் நின்றார். கயிறு கையிலேயே இருந்தது. பின்கோட்டு மூலையைக் காட்டினார்.

"அந்த மூலை எனக்கு வரல. எப்படின்னு காட்டு."

பெனெட் கயிற்றை வாங்கிக்கொண்டு, ஓரத்திலிருந்து வட்டமாக இழுக்க ஆரம்பித்தார். வழியில் அன்றைய பந்துகளின் தடங்கள் கிடந்தன. ஒன்றைக்கூடக் குனிந்து பார்க்காமல் எல்லாவற்றின்மேலும் பாயை இழுத்துக்கொண்டு போனார்.