பாலாம்பிகை பற்றவைக்காத அடுப்பு

சண்டிலிப்பாய் வைத்திலிங்கத்தாருக்கு முதல் தாரத்தில் இரண்டு, இரண்டாம் தாரத்தில் மூன்று என்று ஐந்து பிள்ளைகள். இரண்டாம் தாரத்தின் மூத்தவள் பாலாம்பிகை. அவளுக்கு அடுத்தவன்தான் சீமையில் மிச்சம் என்ற ஊரில் கடை வைத்திருந்த அம்பலவாணன். எண்பத்தைந்தில் தம்பி கூப்பிட்டு, புருஷன் யோகராஜாவோடும் இரண்டு பெட்டைப் பிள்ளைகளோடும் பக்கத்து ஊரான நோர்பரிக்கு வந்து சேர்ந்தவள், எண்பத்தேழில் ஒரு சமையல் வேலைக்குப் போனாள்.

அது யூத மாணவர்களுக்கென்று அவர்களுடைய பெரியவர்கள் தர்மப் பணத்தில் நடத்திய இல்லம். பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருவில் ஒரு செங்கல் கட்டடம். பெடியள் படிக்கவும் கும்பிடவும் கூடிப் பேசவும் வருவார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்போதே அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதற்குமுன் எழுபது எண்பது பேருக்குச் சமைத்து முடித்துவிட வேண்டும்.

அந்தச் சமையலுக்குக் கட்டுப்பாடு உண்டு. இறைச்சிச் சட்டி வேறு, பால் சட்டி வேறு. முட்டையை உடைத்தால் இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீரையில் ஒரு பூச்சி இருந்தாலும் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேலே, அடுப்பை ஒரு யூதர் பற்றவைக்க வேண்டும். இதையெல்லாம் பார்ப்பதற்கென்றே ஹெட்டி என்ற கிழவி இருந்தாள். இங்கே சமையல் விதிப்படி நடக்கிறது என்று அவள் பெயர் போட்டு மதச் சபை கொடுத்த சான்றிதழ் சமையலறைச் சுவரில் தொங்கியது. காலையில் ஹெட்டி வந்து தீக்குச்சி கிழித்தால்தான் பாலாம்பிகையின் நாள் தொடங்கும்.

வேறு யாராக இருந்தாலும் இதைக் கேட்டு முகத்தைச் சுளித்திருப்பார்கள். பாலாம்பிகைக்கு அது புதினமாகவே இல்லை. கோயில் மடப்பள்ளியில் கண்டவர்கள் கை வைக்கலாமா? அதுபோல இதுவும் என்று எடுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு விரதம். ஆனால் அன்றைக்குத்தான் ஐந்து அண்டா கோழிச் சூப். உப்புப் பார்க்க ஏலாது. மணத்திலேயே உப்பைப் பிடிப்பாள். ஹெட்டி ஒரு கரண்டி எடுத்து உறிஞ்சிவிட்டு, "உனக்கு மூக்கு, எனக்கு நாக்கு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழுச் சமையல்காரி" என்று சொல்லிச் சிரிப்பாள். ஏழு வருசம் இப்படியே போனது.

தொண்ணூற்று நான்கில் புது இயக்குநராக ஜெரமி என்பவர் வந்தார். விளம்பரக் கம்பெனியில் இருந்தவர். நல்ல சட்டை, நல்ல பேச்சு. வந்த மாதமே இல்லத்துக்குப் புதுச் சின்னம் வரைந்தார்கள். வாசலில் கண்ணாடிக் கதவு வந்தது. பளபளவென்று நாலாயிரம் விளம்பரப் புத்தகம் அச்சடித்து, வைக்க இடமில்லாமல் பாலாம்பிகையின் உருளைக்கிழங்கு மூட்டைகளை வெளியே தள்ளிவிட்டு, சாமான் அறைக்குள் அடுக்கினார்கள். பணம் தருகிறவர்களுக்கு ஹோட்டலில் விருந்து. அந்த விருந்துக்குச் செலவழித்த அளவுகூட விருந்தில் சேரவில்லை என்று காரியதரிசிப் பெண் முணுமுணுத்தாள். பிறகு ஒருநாள் கையிருப்பு இல்லை, சிக்கனம் வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். கண்ணாடிக் கதவைக் கழற்றி விற்கவா முடியும்? ஹெட்டியைக் கழற்றினார்கள்.

நவம்பர் மாதம், ஒரு வியாழன் பின்னேரம். ஹெட்டி தன் மேலங்கியை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் போய்விட்டாள். ஜெரமி சமையலறைக்குள் வந்து பாலாம்பிகையிடம் சொன்னார்.

"நாளையிலிருந்து நீயே அடுப்பைப் பற்றவைத்துக்கொள். உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"நான் யூத ஆள் இல்லையே, சேர்."

"யாருக்குத் தெரியப்போகிறது? சான்றிதழ் அங்கேயே தொங்கட்டும்."

பாலாம்பிகைக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அன்றைக்கு ரயிலில் போகும்போதும் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் தம்பிக்குப் போன் எடுத்தாள். அம்பலவாணன் அப்போது கோயில் பொருளாளர்.

"அக்கா, நெருப்பிலை என்ன யூத நெருப்பு, தமிழ் நெருப்பு? பத்தவைச்சுப்போட்டுச் சம்பளத்தை வாங்குங்கோ. அத்தானுக்கும் வேலையில்லை."

"அப்பிடியே? அடுத்த பூசைக்கு ஐயர் வராட்டி நான் மடப்பள்ளியிலை பொங்கிவைக்கிறன். சனத்துக்கு ஐயர் பொங்கினதெண்டு சொல்லிக் குடுப்பியோ?"

"அது வேறை அக்கா."

"என்னடா வேறை? அந்தப் பிள்ளையள் என்ரை கையை நம்பித் தின்னுதுகள்!" என்று போனை அடித்து வைத்தாள்.

மறுநாள் காலை கோழியை வெட்டினாள், கரட் சீவினாள், அண்டாக்களில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் ஏற்றினாள். தீக்குச்சியைத் தொடவில்லை. பற்றவைக்க ஒரு யூத ஆளை அனுப்பச் சொல்லி இரண்டு தரம் காரியதரிசியிடம் கேட்டாள். யாரும் வரவில்லை. ஒரு மணிக்கு ஜெரமி வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் இன்னும் கொதிக்கவில்லை?"

பாலாம்பிகை தீப்பெட்டியை அவருக்கு முன்னால் நீட்டினாள். "நீங்கள் யூதர்தானே. பத்தவையுங்கோ. நிண்டு கீரையைப் பாருங்கோ, முட்டையைப் பாருங்கோ. ஏலாதெண்டால் அந்தப் பேப்பரைச் சுவரிலை இருந்து கழட்டுங்கோ. ரெண்டிலை ஒண்டு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹோட்டலில் யாரோ காத்திருக்கிறார்களாம். "நான் திரும்பி வரும்போது கொதித்துக்கொண்டிருக்க வேண்டும்" என்றுவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு மேசை போட நயோமி வந்தாள், மாணவர் குழுவின் தலைவி. குளிர்ந்த அண்டாக்களைப் பார்த்துவிட்டு, "அன்ரி, என்ன நடந்தது?" என்று கேட்டாள். அவளுக்கு அன்ரி என்று கூப்பிடக் கற்றுக்கொடுத்ததும் பாலாம்பிகைதான். பாதி ஆங்கிலத்திலும் பாதிக் கையாட்டலிலும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். நயோமியின் முகம் சிவந்தது. நயோமி பற்றவைக்கலாம்தான், ஆனால் முட்டையையும் கீரையையும் பார்க்கச் சபை ஒத்துக்கொண்ட ஆள் வேண்டும்; ஹெட்டிக்குப் போன் எடுத்தார்கள். அவள் வீட்டிலிருந்து வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும்; ஓய்வுநாளில் பஸ் ஏறமாட்டாள். அன்றைக்கு எண்பது பிள்ளைகள் பாணும் டின் மீனும் வெள்ளரிக்காயும் சாப்பிட்டார்கள். காரணத்தை நயோமி எழுந்து நின்று சொன்னாள். தலைமேசையில் ஜெரமி பாணைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை அவர் பாலாம்பிகையைக் கூப்பிட்டு ஒரு தாளைத் தள்ளினார். அவள் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தாள். வேறொரு மேற்பார்வையாளரை ஒழுங்கு செய்யும்படி இயக்குநர் சொன்னார், அது எனக்குச் சரியாக விளங்கவில்லை, பிழை என்னுடையது என்று அவளே சொல்வதுபோல எழுதியிருந்தது. அவ்வளவுதான்.

"நாளைக்கு அறங்காவலர் கூட்டம். இதில் கையெழுத்து வைத்தால் உன் வேலை இருக்கும்."

"எனக்கு விளங்கேல்லையோ?" பாலாம்பிகை எழுந்துவிட்டாள். "ஏழு வருசமா எந்தச் சட்டி எந்த அலுமாரி எண்டு ஒரு நாள் பிழைச்சிருப்பனோ? உங்கட பிள்ளையளுக்கு உங்கட பொய்யைச் சூப்போடை சேர்த்துத் தீத்தச் சொன்னனீங்கள். நல்லாத்தான் விளங்கினது!"

அவர் மேசையிலிருந்த பேனையையே எடுத்தாள். தாளின் அடியில் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எழுதினாள்: அவர் என்னைப் பற்றவைக்கச் சொன்னார். நான் பற்றவைக்கவில்லை. கீழே பாலாம்பிகை யோகராஜா என்று முழுப்பெயர் வைத்தாள். மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, நேரே நயோமியிடம் கொடுத்தாள்.

கூட்டத்தில் அதை நயோமி வாசித்தாள். பெரியவர்களில் சிலர் கோபப்பட்டார்கள், சிலர் தலை குனிந்தார்கள். ஹெட்டியைத் திருப்பி எடுப்பது என்று முடிவானது. ஜெரமிக்கு இன்னும் இரண்டு வருச ஒப்பந்தம் இருந்தது, அனுப்பினால் நட்டஈடு கொடுக்க வேண்டுமாம், அவர் இருந்துவிட்டார். மேலதிகாரி சொன்னதைச் செய்யாதவள் என்று பாலாம்பிகைக்கு மட்டும் வேலைநீக்கக் கடிதம் வந்தது. மூத்த பெட்டை கிரிஜா அதை வாசித்துவிட்டு அழுதாள். யோகராஜா தேத்தண்ணி வைத்தார். அம்பலவாணன் வந்து, "ஒரு கையெழுத்து அக்கா, ஒரே ஒரு கையெழுத்து" என்று தலையிலடித்தபோது, "உன்ரை கடையிலை எனக்கு வேலை இருக்கோ இல்லையோ, அதைச் சொல்லு" என்றாள். இருந்தது. கணுக்கால் வீங்க வீங்க அந்தக் கடையில்தான் பிறகு எட்டு வருசம் நின்றாள்.

கடிதம் வந்த அந்தக் கிழமையே ஹெட்டி போன் எடுத்தாள். "உன்னை வெளியே போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறார்கள், பாலா. நான் போகமாட்டேன். எனக்கும் ரோசம் இருக்கிறது."

பாலாம்பிகைக்கு வந்த கோபத்தில் போன் வயர் அறுந்துவிடும்போல இழுபட்டது. "என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்? வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் கிடக்கு. நீங்களும் வீட்டிலை குந்தினால் அவன் வேறை ஆரையும் பிடிச்சுப் பத்தவைப்பிச்சுப் போடுவான். போங்கோ! காலமை எட்டு மணிக்கு அங்கை நில்லுங்கோ!"

அந்தப் பக்கம் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு, "சூப்புக்கு உப்பை யார் பார்ப்பது?" என்று ஹெட்டி கேட்டாள்.

"அதையும் நானோ சொல்லவேணும்?" என்று கத்திவிட்டு, ஐந்து அண்டாவுக்கு எத்தனை பிடி உப்பு என்று பாலாம்பிகை நிதானமாகச் சொல்லத் தொடங்கினாள்.