ஊமைப் படத்தில் நாகலெட்சுமி பேசியது

நாகலெட்சுமி இலங்கை மலையகத்துப் பொகவந்தலாவையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர். புருஷனின் அடி தாங்காமல் மகளோடு தாய் இருக்கும் லயத்து வரிசை வீட்டுக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தோட்டத் தலைவர் முன்னால் கூட்டம். எல்லாரும் பார்க்க நாகலெட்சுமி மன்னிப்புக் கேட்டால், புருஷன் வீட்டார் வேனில் கூட்டிப்போவார்களாம். கேட்பாரா மாட்டாரா என்று லயமெல்லாம் அதே பேச்சு.

அதற்கு முதல் நாள் பின்னேரம் கோயில் மண்டபத்தில், அதே தோட்டத்துப் பெண்ணான நான் ஒரு படம் போட்டேன். நூறு வருஷத்துக்கு முந்திய வெள்ளைக்கார ஊமைப் படம். சந்தேகத்தால் வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒரு பெண்ணின் கதை. பல்கலைக்கழகத்தில் நான் ஆராய்ந்ததும் இப்படிப்பட்ட படங்களைத்தான். இவை எங்கள் ஆட்களுக்கு எதற்கு என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

இடையிடையே வந்த ஆங்கில எழுத்தை நான் தமிழில் சொன்னேன். காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டும் ஜீவராஜ் மைக்கைப் பிடித்து, கதாநாயகிக்குக் குரல் கொடுத்தார். கூத்தில் பெண்ணாக ஆடுவது ஆண்தான் என்பதால் யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

கடைசியில் கணவன் அவளை அழைத்துப்போக வருகிறான். அவள் கதவைத் திறந்து ஏதோ பேசுகிறாள். எழுத்து வரவில்லை.

“என்னைய மன்னிச்சிருங்க சாமி!” என்று ஜீவராஜ் தேம்பினார்.

“ஏய் ஜீவா, அவ என்னா தப்பு பண்ணுனா?” நாகலெட்சுமி எழுந்து நின்றார். “அப்புடி எழுதியிருக்கா புள்ள?”

“இல்லக்கா,” என்றேன். மன்னிப்புத்தான் என்று நானும் நினைத்திருந்தேன். என்னை அப்படி நினைக்கச் சொன்னது யார்?

“சீலைய நீ கட்டலாம்டா, அடிய நீ வாங்கல. மைக்க குடு.”

மண்டபம் சிரித்தது. காட்சியைத் திருப்பிப் போட்டேன். வெள்ளைக்காரி வாயசைக்க, நாகலெட்சுமி மைக்கில் பேசினார்.

“வாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க. ஒங்ககூட நான் வரமாட்டேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. புருஷனின் அண்ணன் வீரய்யா பின்வரிசையிலிருந்து கத்தினார். “இது படமா, பஞ்சாயத்தா?”

“ரெண்டுந்தாங்க. ஒக்காந்து பாருங்க.”

படம் முடிந்ததும் எனக்குப் பயம் பிடித்தது. “என்னாலதானேக்கா நாளைக்கு ஒங்களுக்குப் பிரச்சினை?”

“அடியே, நீ படம் போட்ட. பேசுனது நான்.”

மறுநாள் கூட்டத்தில் தலைவர் கேட்டார். “என்னாம்மா, மன்னிப்பு கேக்குறியா?”

“கேக்குறேங்க. எதுக்குன்னு அவரு சொல்லட்டும்.”

புருஷன் சட்டைப் பொத்தானைத் திருகினார். வீரய்யாவைப் பார்த்தார். வாசலில் நின்ற பெண்கள் ஒருவரும் நகரவில்லை.

தலைவர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்தார். “சொல்றதுக்கு ஒண்ணும் இல்லேன்னா எந்திரிங்கப்பா, மழ வருது.”

தாய்க்கும் மகளுக்கும் ஒதுக்கியிருந்த இடம் காலியாகவே இருக்க, வேன் திரும்பிப் போனது.